மஞ்சள் சுடிதார் என்ன விலை?

தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு ஒருவர் மாட்டு வண்டியில் வருவார். நான் பிறந்த கொமரலிங்கத்தில், டூரிங் டாக்கீஸில் படம் மாறும் நாட்களில் கேட்ட குரல் அது. படத்தின் பெயரைச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவார். அந்த இடைவெளியில் வண்டிச் சக்கரம் மண்ணை அரைக்கும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகுதான் நடிகர்களின் பெயர்கள் வரும். விளம்பரம் என்பது அடுத்தவர் காதையும் கண்ணையும் ஒரு மூச்சு நேரம் பிடித்து வைக்கும் தொழில். அவ்வளவுதான் அதன் ரகசியம்.

என் தொழிலும் அதுதான். கம்பெனிகளின் சமூக ஊடகப் பக்கங்களுக்கு எழுதுவது, அங்கே வரும் கேள்விகளுக்குப் பதில் போடுவது. இந்த வயதில் இதற்கு எப்படி வந்தாய் என்று கேட்பீர்கள். கணவர் போன பிறகு வீட்டில் பேச்சே இல்லாமல் போயிற்று. இளமையில் இலக்கியம் படித்தவள் நான். மறுபடியும் கோவையில் ஒரு கல்லூரியில் ஊடகவியல் முதுகலைக்குச் சேர்ந்தேன். பக்கத்து இருக்கையில் சபீனா. வயதில் என் மகளைவிடச் சின்னவள். பட்டம் வாங்கியதும் திருப்பூரில் ஓர் ஆபீஸ் திறந்து, என்னையும் வேலைக்குக் கூப்பிட்டாள். அவள் முதலாளி, நான் சிப்பந்தி.

கம்பெனிப் பக்கம் நடத்திக் கண் பூத்துப்போனவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது ஒரு வேலை என்றே தெரியாது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஒரு சுடிதாரின் நிறத்தையும்.

முதல் வரி

குழந்தைகளின் பனியன் ஒன்றுக்கு எழுதச் சொன்னாள் சபீனா. அரை நாள் உட்கார்ந்து எழுதினேன். பிறந்த உடம்பு முதலில் அறிவது தாயின் கையை, அடுத்து அறிவது துணியை என்று ஆரம்பித்தது. திரும்பத் திரும்ப எனக்கே சத்தமாக வாசித்துக் காட்டிக்கொண்டேன். தகவல் தொடர்புக் கோட்பாடுகள் எல்லாம் படித்துத் தேறியவள் ஆயிற்றே. தைரியமாக நீட்டினேன்.

சபீனா அதைப் போனில் ஏற்றிக் கட்டைவிரலால் மேலே தள்ளினாள். என் வரி திரையின் விளிம்பில் ஏறி மறைந்தது. மறுபடி தள்ளினாள். மறுபடி மறைந்தது.

"நல்லா இருக்குதும்மா. ஆனா தாயோட கை வந்து சேர்றதுக்குள்ள ஆளு அடுத்த ரீலுக்குப் போயிருவாங்க."

மூட்டைகள்

ஆபீஸ் என்றேனே, அது சபீனாவின் அத்தா கடையின் முன்னறை. அவர் காதர்பேட்டை வியாபாரி. ஏற்றுமதியில் தேங்கிப்போன துணிகளைக் கம்பெனிகளில் வாங்கி, வெளியூர்க் கடைக்காரர்களுக்கு விற்பவர். மகள் படித்த படிப்புக்கு மரியாதை கொடுத்து அறையைக் கொடுத்தார், ஆனால் ஒரு நிபந்தனையுடன். தீபாவளிச் சரக்கு வருவதற்குள் ஏதாவது ஒரு கம்பெனி தன் பக்கத்தை நிரந்தரமாக எங்களிடம் ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் அறை மூட்டைகளுக்குப் போய்விடும், சபீனா கடையில் உட்கார வேண்டியதுதான்.

மூட்டைகளோ நாள் பார்த்துக் காத்திருக்கவில்லை. முதலில் கதவுக்குப் பின்னால் ஒன்று வந்து நின்றது. பிறகு மேஜைக்கு அடியில் ஒன்று. ஒரு நாள் காலையில் வந்தால் வீடியோ எடுக்க வைத்திருந்த விளக்கு ஸ்டாண்டின் இடத்தில் மூன்றாவது மூட்டை. சபீனா மேஜையைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த மேஜைக்கால் தரையில் கிறீச்சிட்ட சத்தத்தில் அவள் மனசு முழுக்கக் கேட்டது. இந்தத் தொழிலைத் தவிர வேறொன்றை அவள் யோசித்ததே இல்லை. கல்லூரியில் மற்றவர்கள் வேலை தேடிக்கொண்டிருந்தபோது, தன் ஆபீஸுக்குப் பெயர்ப்பலகை வரைந்துகொண்டிருந்தவள் அவள்.

அத்தா கெட்டவர் இல்லை. என்னிடம் மட்டும் ஒருமுறை மனம் விட்டுச் சொன்னார்: "மூட்டை வாய் பேசாதுங்கக்கா, ஆனா வித்துரும். நீங்க ரெண்டு பேரும் நல்லாப் பேசறீங்க. அதான் எனக்குப் பயமா இருக்குது."

முருகன் இருக்கும் சுவர்

வேலம்பாளையத்தில் டீ-ஷர்ட் கம்பெனி வைத்திருந்த பழனிச்சாமிதான் எங்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை. தறி நெய்த குடும்பம். ஒரு வீடியோ எடுத்துக் காட்டுங்கள், ஓடினால் பக்கம் பூரா உங்களுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தார். வீடியோவின் ஆரம்பத்தில் முருகன் படமும் தீபாராதனையும் வர வேண்டும் என்றும் சொன்னார்.

சபீனா பணிவாகத்தான் சொன்னாள். "அண்ணா, முருகர் வந்தா பாக்கறவங்க கன்னத்துல போட்டுக்கிட்டுப் போயிருவாங்க. சட்டையைப் பாக்க மாட்டாங்க." அவர் சிரிக்கவில்லை. முருகனில்லாமல் இந்தக் கம்பெனியில் தையல் மெஷினுக்கு ஒரு பாபின் நூல்கூட மாற்றியதில்லை என்றார். வாசலோடு திரும்பிவிடுவோம் என்று நினைத்தேன். சபீனா கம்பெனிக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தாள். செக்கிங் பகுதிச் சுவரில் பெரிய முருகன் படம் மாட்டியிருந்தது. அந்தச் சுவருக்குக் கீழே எடுத்தால் எல்லாக் காட்சியிலும் அவர் பின்னால் இருப்பார், வெளிச்சமும் அங்கேதான் நன்றாக விழுகிறது என்றாள்.

பழனிச்சாமி படத்தை நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டார். பிறகு சொன்னார்: "அவரு பாத்துக்கிட்டு இருந்தாப் போதுமுங்க அம்மணி. முன்னாடி வந்து நிக்கோணும்னு அவருக்கே ஆசை கெடையாதுங்க."

காலர்

செக்கிங் என்றால், தைத்து வந்த துணியில் குறை பார்த்து, தொங்கும் நூலை வெட்டி விடுவது. அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி பேச்சி. தெற்கத்திப் பெண், மஞ்சள் சுடிதார். காலர் எவ்வளவு இழுத்தாலும் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பதைக் காட்ட ஒரு ஜோடிக் கை தேவைப்பட்டது. சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டார். எடுக்கலாமா என்று சபீனா கேட்டாள். பேச்சி தலையாட்டினாள். கையை மட்டும்தான் எடுப்பதாக இருந்தது.

பேச்சி காலரை இழுத்து விட்டாள். அது சுண்டி வந்து அவள் தாடையிலேயே அடித்தது. அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்புகளைக் கவனிக்கும் பழக்கம் உண்டு. அது உள்ளுக்குள் ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த சிரிப்பு. திறந்ததும் தனக்கே பயந்து பாதியில் நின்றது. சபீனாவின் கேமரா தன்னை அறியாமல் மேலே போய் அந்த முகத்தைப் பிடித்துவிட்டது.

நாம் திட்டம் போட்டு எடுப்பது ஓடாது, தவறி விழுவதுதான் ஓடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீடியோ ஓடியது. ஈரோட்டிலிருந்தும் மதுரையிலிருந்தும் கடல் தாண்டியும் விசாரிப்புகள் வந்தன. பழனிச்சாமி போனில் கூப்பிட்டு, அன்றிலிருந்தே பக்கத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். சபீனா போனை வைத்துவிட்டு மேஜையை அறையின் நடுவுக்கு இழுத்தாள். சத்தம் கேட்டு வந்த அத்தா மகளைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார்.

"சரி, இதுகளை மாடிக்கு ஏத்தச் சொல்றேன்."

விலை கேட்பவர்கள்

வீடியோ ஓடினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் கருத்துப் பெட்டிக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். நம்மூர்க்காரர்கள் எதைப் பார்த்தாலும் கேட்கும் ஒரே கேள்வி, என்ன விலை. பழனிச்சாமியின் தகப்பனாருடைய நினைவு நாள் வந்தது. மாலை போட்ட படத்தைப் போட்டு இரண்டு வரி எழுதினேன். கீழே முதலில் வந்த கருத்து: "மொத்தமா எடுத்தா என்ன ரேட்?" எனக்கு உடம்பு கூசியது. அழித்துவிடட்டுமா என்று பழனிச்சாமியைக் கேட்டேன். வேண்டாம் என்றார். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்பது அவர் கொள்கை. எது கேட்டாலும் வணக்கம் சொல்லி, கம்பெனி இருக்கும் இடத்தின் வரைபடத்தை அனுப்பும்படி ஒரு தானியங்கிப் பதிலை சபீனாவிடம் சொல்லி வைக்கச் செய்தவரும் அவர்தான். நாம் தூங்கினாலும் கம்பெனி தூங்கக் கூடாது அல்லவா.

தகப்பனார் படத்துக்குக் கீழே விலை கேட்டது அவருக்கு வருத்தமே தரவில்லை. "எங்கப்பனும் அப்படித்தானுங்கக்கா. எழவு ஊட்டுல நின்னுக்கிட்டே ஆர்டர் புடிப்பாரு."

விடும் நேரம்

அடுத்த வாரம் காலர் வீடியோவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "மஞ்சள் சுடிதார் என்ன விலை?" நாங்கள் இருவரும் சிரித்தோம். ஆண்கள் டீ-ஷர்ட் கம்பெனியில் சுடிதாருக்கு விலை கேட்கிறாரே. அந்த ஆளின் பெயர் இருந்த இடத்தில் ஏதோ ஒரு பட்டப்பெயர். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காளை. நாங்கள் பார்ப்பதற்கு முன்பே தானியங்கிப் பதில் போய்விட்டிருந்தது, வணக்கமும் வரைபடமுமாக. எங்களிடம் ஆண்கள் உடை மட்டும்தானுங்க என்று நானும் சேர்த்து எழுதினேன். உடனே பதில் வந்தது. பரவாயில்லை, கம்பெனி எத்தனை மணிக்கு விடும்?

அந்த ஒரு சொல்லில் என் காது நின்றுவிட்டது. வாங்க வருகிறவர்கள் எப்போது திறப்பீர்கள் என்று கேட்பார்கள். கடை சாத்தும் நேரம்கூடக் கேட்பார்கள். விடும் நேரம் கேட்பவர் யார்? பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைக்குக் காத்திருப்பவர் கேட்பார். மில் வாசலில் ஆளுக்குக் காத்திருப்பவர் கேட்பார். உள்ளேயிருந்து ஒருவர் வெளியே வர வேண்டும் என்பவருடைய சொல் அது.

சபீனாவிடம் திரையைக் காட்டினேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. "விடும்" என்ற சொல்லின் மேல் விரலை வைத்தேன். அவள் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பு வடிந்தது.

"ம்மா, இந்த ஆளு துணி வாங்க வரலை."

செக்கிங் மேஜை

அன்று மத்தியானமே வேலம்பாளையம் போனோம். சாப்பாட்டு இடைவேளை. பேச்சி தூக்குப்போசியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். வேறு சுடிதார் போட்டிருந்தாள். அவளுக்கு அந்த வீடியோ ஊருக்கெல்லாம் தெரியும் என்பதே தெரியாது. சரக்கு வாங்கும் பையருக்கு அனுப்புவதற்கு எடுக்கிறார்கள் என்று நினைத்திருந்தாளாம். அவளிடம் இருந்தது பட்டன் போன்.

சபீனா அந்தக் காளைப் படத்தைக் காட்டினாள். பேச்சி கையை முந்தானையில் துடைப்பதுபோல் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, குனிந்து பார்த்தாள். "இது எங்க வீட்டுக் காளை" என்றாள். பிறகு கேட்காமலே சொன்னாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் ஊரைவிட்டு வந்தவர்கள். "அவரு வேற ஆளுகம்மா. எங்க அண்ணன் அன்னைக்கே சொல்லிட்டான், எங்க இருந்தாலும் வந்து ரெண்டு பேரையும் முடிப்பேன்னு." வீட்டுக்காரர் அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் கட்டிங் வேலையில் இருந்தார். ஒரே கம்பெனியில் இருந்தால் தெரிந்துவிடும் என்று ஆளுக்கொரு பக்கம்.

வேறு யாராவது அந்தக் காளைப் படத்தை வைத்திருக்கக் கூடாதா, வெறும் விளையாட்டாக யாராவது கேட்டிருக்கலாம் இல்லையா என்று சபீனா கேட்டாள். அவள் குரல் கெஞ்சியது, பேச்சிக்காக மட்டும் அல்ல. பேச்சி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"அந்தச் சுடிதாரை எனக்கு எடுத்துக் குடுத்ததே அவன்தாம்மா. விலை அவனுக்குத் தெரியும்."

மறைக்க முடியாதது

பழனிச்சாமியின் அறைக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். உடனே டிரைவரைக் கூப்பிட்டு, கம்பெனி வேனில் அருள்புரம் போய்ப் பேச்சியின் வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு பின்கேட்டுக்கு வரச் சொன்னார். அதில் அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. யோசித்தது வீடியோவுக்குத்தான். முகத்தை மட்டும் மறைத்துவிட முடியாதா என்று கேட்டார். போட்ட வீடியோவில் அப்படிச் செய்ய முடியாது, அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும், ஓடிய ஓட்டமெல்லாம் போய்விடும் என்று சபீனா விளக்கினாள். மதுரைப் பார்ட்டி அன்றுதான் விலை பேச ஆரம்பித்திருந்தார்களாம். ஒரே ஒரு நாள் பொறுக்கச் சொன்னார்.

சபீனா போனைத் திறந்து அந்த வீடியோவுக்குப் போனாள். போனைப் பார்த்தபடி நின்றாள். அந்தக் கட்டைவிரலைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குக் கீழே அவள் ஆபீஸ் இருந்தது, நடுவுக்கு இழுத்த மேஜை இருந்தது, கல்லூரியில் வரைந்த பெயர்ப்பலகை இருந்தது. உண்மையிலேயே அழிக்க வேண்டுமா என்று போன் அவளை ஒருமுறை கேட்டது. இயந்திரத்துக்கும் அவ்வளவு நாசூக்கு இருக்கிறது. அவள் ஆமாம் என்று அழுத்தினாள்.

பழனிச்சாமி தன் போனை எடுத்துப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் குரல் இன்னும் தணிந்தது.

"நீங்க பண்ணுனது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க அம்மணி. ஆனா கேக்காமப் பண்ணீட்டீங்க. நம்ம கணக்கு இத்தோட போதுமுங்க."

கேட்டில்

அவன் வந்தான். மறுநாள் சாயங்காலம், இன்னும் இரண்டு பேரோடு, கம்பெனி விடும் நேரத்துக்கு. அவன் என்ன நினைத்து வந்தான் என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அங்கே யாரும் நிற்கவில்லை. பேச்சியும் வீட்டுக்காரரும் முந்தின நாளே வேனில் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். வெளியே வந்த பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தானாம். கூட்டம் கலைந்த பிறகு வாட்ச்மேனிடம் வந்து, மஞ்சள் சுடிதார் போட்ட பெண் எங்கே என்று கேட்டிருக்கிறான். வாட்ச்மேன் பீகார்க்காரர். ஆனால் திருப்பூருக்கு வந்து வெகு நாளாயிற்று. நம்மைவிட நன்றாகத் தமிழில் சண்டை போடுவார், டீக்கடைக்காரரிடம் மழையைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். பழனிச்சாமி அவரிடம் ஒன்றும் சொல்லிவைக்கவும் இல்லை. அந்த ஆளின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தமிழ் மறந்துவிட்டது.

"தமில் நஹீ மாலும், பையா."

பிரதிகள்

நாம் அழித்தால் அழிந்துவிடும் என்று கல்லூரியில்கூட யாரும் சொல்லித்தரவில்லை. அதற்குள் பல பேர் அந்த வீடியோவை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சியின் சிரிப்புக்கு ஒருவர் சோகப் பாட்டு சேர்த்திருந்தார். இன்னொருவர் தன் முன்னாள் காதலியைத் திட்டி வசனம் எழுதியிருந்தார். சபீனாவுக்குக் கம்பெனியும் இல்லை, வேறு வேலையும் இல்லை. ஆனாலும் காலையில் வந்து உட்கார்ந்து அந்தப் பக்கங்களையெல்லாம் தேடித் தேடி, அழித்துவிடுங்கள் என்று எழுதிக்கொண்டிருந்தாள். கடிதங்களை நான் எழுதிக் கொடுத்தேன். இந்தத் தொழிலில் நான் எழுதியவற்றிலேயே கடைசி வரைக்கும் படிக்கப்பட்டவை அவைதான். பெரும்பாலானவர்கள் கேட்டதும் எடுத்துவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் நாங்கள் பைத்தியம் என்றே முடிவுகட்டி எழுதினான்:

"இவ்ளோ நல்லா ஓடுற வீடியோவை யாராவது தூக்கச் சொல்வாங்களா அக்கா?"

தீபாவளிச் சரக்கு

சரக்கு வந்தது. மாடிக்கு ஏறியவையும் இறங்கி வந்தன. அத்தா ஆளை வைக்காமல் தானே ஒவ்வொரு மூட்டையாகத் தோளில் சுமந்து வந்து, மெதுவாக இறக்கினார். சத்தம் வரக் கூடாது என்று பார்த்தாரோ என்னவோ. சபீனா கணினியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். கம்பெனி ஏன் கைவிட்டுப் போனது என்று அவள் முழுவதையும் அவரிடம் சொல்லியிருந்தாள். கடைசி மூட்டையை வைத்துவிட்டு அவர் அதன் மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். தோளில் போட்டிருந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் துண்டை எடுக்கவில்லை.

"நீ செஞ்ச காரியத்துக்கு இந்த ரூமை நான் எழுதியே குடுக்கோணும் கண்ணு. சரக்கு வந்து வாசல்ல நின்னுருச்சே, நான் என்ன பண்ணுவேன்."

சபீனா இப்போது கோவையில் ஓர் ஆஸ்பத்திரியின் பக்கத்தைச் சம்பளத்துக்குக் கவனித்துக்கொள்கிறாள். நான் வீட்டிலிருந்தபடி அவளுக்கு எழுதிக் கொடுக்கிறேன், முன்னைவிடச் சின்ன வரிகளாக. செய்தியை ஊருக்கெல்லாம் கொண்டு சேர்க்கவென்றே படித்துப் பட்டம் வாங்கிய நாங்கள் இருவரும் இதுவரை யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரே விலாசம் பேச்சியுடையது. அவள் உயிரோடு இருக்கிறாள், செக்கிங் வேலைதான் பார்க்கிறாள்.